வாய் திறக்காமல் பெற்றேன்

என் மூத்த மகளை எந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பிறந்ததும் அழுதுச்சா?" இல்லை என்பேன். எழுதிக்கொள்வார்கள். ஏழு வருடமாக இந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் அழவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பிரசவம் இழுத்துவிட்டது, குழந்தைக்கு மூச்சு கிடைக்கவில்லை என்று பழைய சீட்டிலேயே இருக்கிறது. பிரசவம் ஏன் இழுத்தது என்பது மட்டும் எந்தச் சீட்டிலும் இல்லை.

எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அம்மா மருந்தைக் குடித்துச் செத்துப்போனாள். காரியம் முடிந்ததும் அப்பா திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனார். அங்கேயே அவருக்கு இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. என்னை எடுத்துக்கொண்டவள் அப்பாவுடைய அண்ணனின் மனைவி, என் பெரியம்மா. உசிலம்பட்டிக்கு மேற்கே, பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே எங்கள் ஊர்; எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் அவள் வீடு. மானாவாரி நிலம், நாலு மாடு, இரண்டு ஆண்பிள்ளைகள். என்னை யாரும் அவள் தலையில் கட்டவில்லை. அவளாகத்தான் வந்தாள். என் துணிமணியை ஒரு உரச்சாக்கில் திணித்து, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்து போனாள். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

மற்றது என்னவென்றால், அவள் அடிப்பாள். மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்தால், பாத்திரத்தில் பருக்கை ஒட்டியிருந்தால், படுக்கையை நனைத்துவிட்டால். முதல் இரண்டு வருடம் நான் அநேகமாகத் தினமும் நனைத்தேன். மாடு கட்டும் கயிற்றை நாலாக மடித்துக்கொள்வாள். ஊரில் அடி வாங்காத பிள்ளை கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சத்தம் வரக்கூடாது. "ம்" என்று முனகினாலும் போச்சு, வாங்கியது கணக்கில் சேராது, முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "ஊரு கேக்கணும்னு கத்துறியாடி? தாயில்லாப் பிள்ளைய அடிக்கிறான்னு நாலு பேரு சொல்லணுமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவளும் சத்தமில்லாமல்தான் கேட்பாள். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அப்படி வாய் பேசாமல் நிற்போம்.

ஏழெட்டு வயதுக்குள் நான் தேறிவிட்டேன். நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். மூச்சை மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கண்ணை மூடக்கூடாது, மூடினால் அழுகை வரும். எதிர்ச் சுவரில் ஏதாவது ஒரு கறையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்பு தனியாகப் போய்விடும், நான் தனியாக நிற்பேன்.

ஒன்பது வயதில் அடுப்பிலிருந்து கஞ்சி இறக்கும்போது தொடையில் கொட்டிக்கொண்டேன். சொல்லவில்லை. பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் நாள் வாடை அடித்துத்தான் டீச்சர் கண்டுபிடித்தார். செய்தி போனதும் பெரியம்மா களத்திலிருந்து அப்படியே ஓடி வந்தாள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தாள். வழியெல்லாம் அழுதாள். "என்கிட்ட சொல்றதுக்கு என்னடி? சொல்றதுக்கு என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் அழுவதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். தோலை உரித்து மருந்து வைத்தபோது கம்பவுண்டர் சொன்னார்: "பெரிய ஆளே கத்துவாக. இந்தப் பிள்ளைக்கு என்னா தைரியம்!" பெரியம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் கப்பலூரில் பாட்டில் மூடி வார்க்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாலு பெண்களோடு பழங்காநத்தத்தில் ஒரு அறையில் தங்கியிருந்தேன். பக்கத்துக் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கேட்டு வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர், தாயை இழந்தவர். பெரியம்மா முறைப்படி எல்லாம் செய்து கல்யாணத்தை நடத்தினாள். பெற்றவள் இருந்தாலும் இவ்வளவு செய்திருக்க மாட்டாள் என்று சனம் பேசியது. என் தொடைத் தழும்பைப் பார்த்து அவர் கேட்டபோது கஞ்சி கொட்டிவிட்டது என்றேன். அது பொய்யில்லை. அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, வழக்கப்படி என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். தாய்வீடு என்றால் பெரியம்மா வீடுதான். எனக்குப் போக மனமில்லை. "இங்கயே இருந்துக்கிறேங்க" என்றேன்.

"தலைச்சன் பிள்ளை. இங்க உன்னைய யாரு பாப்பா? நான் சிப்டுக்குப் போயிருவேன். அங்க போனா நேரத்துக்குச் சோறு கெடைக்கும்" என்றார் அவர். வேறு காரணம் கேட்டிருந்தால்கூட என்னால் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

அந்த இரண்டு மாதமும் பெரியம்மா என்னை ஒரு வேலை செய்யவிடவில்லை. நாட்டுக்கோழி அடித்தாள், சுக்குக் கருப்பட்டி இடித்துக் கொடுத்தாள், கால் வீங்கியபோது மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவள் மாறிவிட்டாள். என் உடம்புக்குத்தான் அது தெரியவில்லை. கொல்லைப்பக்கம் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன். டம்ளர் கைதவறி உருண்டால் கழுத்தெல்லாம் வேர்க்கும். மருமகளை அவள் உரக்க வையும்போது வயிற்றில் பிள்ளை அசையாமல் கிடப்பதுபோல் இருக்கும். அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

வலி ஒரு காலையில், குளித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. இடுப்பில் கிளம்பி முன்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனது. தலை துவட்டும்போது மறுபடி வந்தது. இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது. நான் சொல்லவில்லை. ஏன் என்று இந்த ஏழு வருடத்தில் பலமுறை என்னை நானே கேட்டிருக்கிறேன். மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. வலி வந்ததும் நாக்கு தானாகப் போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பதினோரு மணிபோல எழுந்திருக்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி, வலிக்குதா?"

"லேசா."

அவள் பெரிய மகன் ஆட்டோ பிடித்து வந்தான். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் பெயர் எதற்கு? அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆட்கள்தான் போதவில்லை. ஒரு சிஸ்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு விரல்தான் தெறந்திருக்கு, நேரமாகும், நாலு மணிக்குப் பாக்கலாம்" என்றார். குழந்தையின் துடிப்பைக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதினார். துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்றார்கள். பெரியம்மா வந்து என் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த அறையில் எட்டுக் கட்டில்கள். மற்ற ஏழு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். "அம்மா, என்னால முடியலையே", "என்னைய அறுத்துப் போடுங்க", "இனிமே அந்த ஆளு என் பக்கம் வரட்டும்" என்றெல்லாம். சிஸ்டர்கள் அவர்களை வைதார்கள். ஆனால் வைதுகொண்டே பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள், டாக்டரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்தப் பெண்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. இவ்வளவு சத்தத்துக்கு அப்புறம் என்ன நடக்குமோ என்று என் முதுகு எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது.

வலி நெருங்க நெருங்க நான் எதிரே மின்விசிறி ஸ்விட்சுக்குக் கீழே இருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையின் காய்ப்பு எனக்குப் பழக்கமானது. குனிந்து காதோரம் சொன்னாள்: "கத்திராதடி. கத்துனா பிள்ளை மேல ஏறிக்கிரும். பல்லக் கடிச்சுக்க, என்ன?" அன்பாகத்தான் சொன்னாள். நான் சரி என்று கண்ணைக் காட்டினேன்.

நாலு மணிக்கு ஷிப்ட் மாறியது. வேறு சிஸ்டர் வந்தார். கடைசிக் கட்டிலில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை, நிலைமை சரியில்லை. எல்லோரும் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் போகிற போக்கில் என் கட்டில் பக்கம் நின்று, "இங்க எப்படி, வலி இருக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் பிடிக்கல சிஸ்டர். பிடிச்சா தெரியாதா? புள்ள சும்மாதான் கெடக்கு" என்றாள் பெரியம்மா.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

நான் தலையாட்டினேன்.

அந்த நேரத்தில் எனக்கு நடந்துகொண்டிருந்ததை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. என் இடுப்பை யாரோ இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன். சிஸ்டர் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. கேட்டாரே.

கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்தது. கால் இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுவென்று பரவி, கட்டில் விரிப்பு நனைந்தது. பனிக்குடம் என்று ஒன்று உடையும் என்பது எனக்குத் தெரியும். மாதா மாதம் செக்கப்புக்குப் போனபோது நர்ஸம்மா சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: படுக்கையை நனைத்துவிட்டேன். பெரியம்மா பக்கத்தில் இருக்கிறாள். நான் பக்கத்தில் கிடந்த பழைய சேலையைச் சுருட்டிக் கீழே திணித்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். இருபத்து நாலு வயது எனக்கு. பன்னிரண்டாவதில் உயிரியல் படித்தவள் நான்.

அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தேன். பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வந்த ஆயாம்மாதான் வாடையை உணர்ந்து, என் போர்வையை விலக்கினாள். "ஐயையோ, சிஸ்டர், இங்கிட்டு வாங்க! பச்சையா வந்திருக்கு. இந்தப் புள்ள மூடிக்கிட்டுக் கெடக்கு!"

அதற்கப்புறம் எல்லாம் வேகம். துடிப்பைக் கேட்ட சிஸ்டரின் முகம் மாறியது. டியூட்டி டாக்டர் ஓடி வந்தார், என் வயதுப் பெண். "எப்ப உடைஞ்சது? எவ்வளவு நேரமாச்சு? பிள்ளை உள்ளேயே வெளிக்கிப் போயிருக்கு. தலை இறங்கி நிக்குது. வாயில்லையா உனக்கு? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" ஆபரேஷன் அறையில் இரட்டைப் பிள்ளைக்காரி இருந்தாள். கருவி வைத்து எடுத்துவிடலாம் என்றார்கள். பெரியம்மாவை வெளியே அனுப்பினார்கள். "முக்கும்மா. நல்லாக் கத்தி முக்கு. கத்து, பரவாயில்ல, கத்து!" என்று டாக்டர் அலறினார். என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

மகள் நீல நிறமாக இருந்தாள். மேசைமேல் போட்டு முதுகைத் தேய்த்தார்கள், குழாய் வைத்து உறிஞ்சினார்கள், உள்ளங்காலைத் தட்டினார்கள். அவர்கள் பேசுவது நின்றுவிட்டது. ஒரு துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பெண் பிள்ளை என்று ஆயாம்மாதான் எனக்குச் சொன்னாள்.

என்னைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தபோது வராந்தாவில் பெரியம்மா நாலைந்து பெண்களோடு நின்றிருந்தாள். பிள்ளைக்கு என்ன ஆனது என்று இன்னும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. அவள் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "அம்புட்டுப் பேரும் என்னா கத்து கத்துனாளுக! எம் மக வாயத் தொறக்கலையே. பல்லக் கடிச்சுப் பெத்துட்டாள்ல. நான் வளத்த வளப்பு அப்படி."

எம் மக என்று அவள் என்னைச் சொன்னதும், என்னைப் பற்றி இன்னொருவரிடம் பெருமையாகப் பேசியதும் நான் கேட்டது அதுதான் முதல்முறை. அந்த வண்டியில் கிடந்தபடி, என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடமோ அரை நிமிடமோ. இதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

பதினெட்டு நாள் மகள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். இரண்டாம் நாளே வலிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் பாலைச் சப்பத் தெரியவில்லை, பாலாடையால் துளித்துளியாக விட்டேன். ஆறு மாதத்தில் தலை நிற்கவில்லை. ஒன்பது மாதத்தில் கைவிரல்கள் மூடியபடியே இருந்தன. மூளையில் அடி, நடப்பது கஷ்டம், பேச்சு வருவதும் கஷ்டம், ஆனால் விடாமல் பயிற்சி கொடுங்கள் என்றார்கள். கம்பெனி வேலையை விட்டேன். வாரம் இரண்டு நாள் டவுன் பஸ்ஸில் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் வருவார்.

அவர் ஒரே ஒரு முறை கேட்டார். மகளுக்கு ஒன்றரை வயது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்து, மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"ஏ புள்ள, அன்னைக்கு உனக்கு வலிக்கவே இல்லையா?"

"வலிச்சுச்சு."

"ரொம்பவா?"

"ரொம்ப."

பழங்காநத்தம் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கும்போது, "அப்புறம் ஏன்?" என்று மட்டும் கேட்டார். நான் மகளின் காலிலிருந்து நழுவிய சாக்ஸை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. கோபமும் படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேனோ என்னவோ.

மகளுக்கு இரண்டு வயதானபோது மறுபடியும் உண்டானேன். திட்டமிட்டது இல்லை. தெரிந்த அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை: கத்தப் பழக வேண்டும். கேட்டால் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அவர் வேலைக்குப் போன பிறகு, மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டு, அடுப்படியில் நின்று வாயைத் திறப்பேன். வயிற்றை எக்கி, தொண்டையை விரித்து எல்லாம் செய்வேன். சத்தம் வராது. ஒரு நாள் அப்படி நிற்கும்போது மிக்ஸியிலிருந்து புகை வந்து கருகல் வாடை அடித்தது. பக்கத்து வீட்டக்கா ஓடி வந்து ஸ்விட்சை அணைத்தார். "என்னாடி, ஜாரு காலியா ஓடுது! எதுவும் போட மறந்துட்டியா?" என்றார். ஆமாக்கா, மறந்துட்டேன் என்றேன்.

செக்கப்பின்போது நாற்பது பேர் வரிசைக்குப் பிறகு டாக்டரம்மாவிடம் சொன்னேன். "டாக்டர், எனக்கு வலி வந்தா சொல்லத் தெரியாது."

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே சிரித்தார். "வலி வந்தா தானா சத்தம் வரும்மா. அதெல்லாம் யாரும் சொல்லிக்குடுக்க வேண்டாம்."

"எனக்கு வராது டாக்டர். மொதப் பிள்ளைக்கு வரல."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தார். பழைய ஃபைலை வாங்கிப் புரட்டினார். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. ஏன் வராது என்று அவர் கேட்டால் கயிறு வரைக்கும் சொல்லிவிடுவது என்று அன்று நான் துணிந்து போயிருந்தேன். அவர் கேட்கவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். அவரால் முடிந்த உதவி அது. நல்ல உதவிதான். இரண்டாவது மகள் வயிற்றைக் கீறி எடுக்கும்போதே வீறிட்டாள். என் முகத்துக்கு முன்னால் கட்டியிருந்த திரைத்துணிக்கு அந்தப்பக்கம் கேட்டது என் பிள்ளையின் குரல் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. புரிந்ததும் அதை எப்படியாவது நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது.

பிள்ளையைப் பார்க்கப் பெரியம்மா வந்தாள். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. மூத்தவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். "எந்தக் கண்ணு பட்டுச்சோ எம் பிள்ளைக்கு" என்று அழுதாள். வீட்டில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். ஆபரேஷன் தையல் இழுத்துக்கொண்டிருந்தது. நான் கேட்டேன்.

"ஏன் பெரியம்மா, நான் சத்தம் போட்டா திரும்ப மொதல்ல இருந்து அடிப்பீகளே, அது எதுக்கு?"

அவள் கை நின்றது. மறந்திருப்பாள், அல்லது இல்லவே இல்லை என்பாள் என்று நினைத்திருந்தேன்.

"அடிக்காம வளத்த வீடு எங்கடி இருக்கு?" என்றாள்.

"அடிச்சதக் கேக்கல. சத்தம் வரக்கூடாதுன்னது எதுக்கு?"

அவள் மூத்தவளின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்கம்மா கத்துனது ஊருக்கே கேட்டுச்சு. உங்கப்பன் அடிக்கிறப்பல்லாம் கத்துவா. அந்தக் கடைசி நாளும் கத்துனா. எனக்குக் கேட்டுச்சு. நானும்தான் போகல. ஒருத்தி போகல. அம்புட்டுக் கத்தியும் என்னா ஆச்சு? பொழுதன்னைக்கும் கத்துற பொம்பளைன்னு பேருதான் மிஞ்சுச்சு. செத்தப்பறமும் அதத்தான் சொன்னாளுக." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீயும் அப்படி ஆயிரக்கூடாதுன்னு நெனச்சேன்."

மன்னிப்பாக அவள் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவளை வெறுப்பதற்கு என்று நான் இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது கையைவிட்டு நழுவியதுபோல் இருந்தது. அதற்குப் பதிலாக வேறு எதுவும் வந்து சேரவில்லை. "காப்பி போடவா பெரியம்மா?" என்று கேட்டேன். "நீ படு, நான் போடுறேன்" என்று எழுந்துபோனாள். மறு வருடம் மழைக்காலத்தில் அவள் செத்துப்போனாள்.

இரண்டாவது மகளை நான் ஒரு அடி அடித்ததில்லை. எனக்கு நானே செய்துகொண்ட அந்தச் சபதத்தை இதுவரை காப்பாற்றிவிட்டேன். ஆனால் அவள் அழுதால் என்னால் தாங்க முடியாது. கைக்குழந்தையாக இருந்தபோதே, அவள் உதடு பிதுங்கியதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன், கதவைச் சாத்துவேன். அழுகை வெளியே வருவதற்குள் மார்பை வாயில் கொடுத்துவிடுவேன். கொஞ்சம் வளர்ந்ததும் பிஸ்கட், பிறகு செல்போன். "அழக்கூடாது, அழக்கூடாது, அம்மா இருக்கேன்ல" என்று வாயைப் பொத்தாத குறையாகக் கெஞ்சுவேன். இவ்வளவு அமைதியான பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று பக்கத்து வீட்டக்கா சொல்வார். போன ஆடி மாதம் பால்வாடியில் சறுக்கிலிருந்து விழுந்து அவள் முழங்கை கிழிந்துவிட்டது. நான் கூப்பிடப் போனபோது டீச்சர் சொன்னார்: "ஒரு சத்தம் இல்லைங்க. மூலையில போய் உக்காந்துக்கிட்டா. சட்டையில ரத்தத்தப் பாத்துட்டுத்தான் எங்களுக்கே தெரியும்." அவளைத் தூக்கிக்கொண்டேன். வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நாலு வயது. அவள்மேல் கை படாமலே நான் அவளுக்கு இதைக் கொடுத்துவிட்டேன். எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அழு, அழு என்று சொல்லிப் பார்த்தேன். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள்.

மூத்தவளுக்கு இப்போது ஏழு முடிந்துவிட்டது. கனத்துவிட்டாள். பயிற்சி கொடுக்கும் இடம் மாடியில் இருக்கிறது, என்னால் மட்டும் தூக்கிக்கொண்டு ஏற முடிவதில்லை. அவர் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு காலையில் கூட வருகிறார். அவருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

போன மாதம் பயிற்சி கொடுக்கும் பெண் மகளின் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு, எங்களை உட்காரச் சொன்னாள். சின்னப் பெண். சொல்வதற்குக் கஷ்டப்பட்டாள். "அக்கா, இனிமே வாராவாரம் அலைய வேண்டாம். இதுக்கு மேல பெருசா மாத்தம் இருக்காது. இருக்குறது இறுகிப் போகாமப் பாத்துக்கணும், அம்புட்டுத்தான். வீட்டுலயே செய்யுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க, போதும்."

"நடக்கவே மாட்டாளா?" என்று அவர் கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மகளின் செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தேன். "இல்லண்ணே" என்றாள்.

கீழே இறங்கி வந்தோம். வெயில் ஏறிவிட்டது. பஸ் வரத் தாமதமானது. மகளைத் தோள் மாற்றித் தோள் மாற்றி வைத்துக்கொண்டு நின்றார் அவர். அன்று பஸ்ஸில் கேட்ட "அப்புறம் ஏன்?" என்பதை மறுபடி கேட்பாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, கூட்டம். பின்படி வழியாக அவர் மகளோடு ஏறிக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஏறும் முன்படிக்கு ஓடினேன்.